அக்கா ஏன் பூச்சி மாத்திரையைத் தூக்கி எறிஞ்சா?

எங்க அக்கா மூத்த பிள்ளைக்கு முழுகாம இருந்தப்ப, கிளினிக்ல குடுத்த பூச்சி மாத்திரையை அவ குடிக்கவே இல்லை. வீட்டுக்கு வார வழியில தேயிலைக்குள்ள வீசிட்டா. இரும்புச் சத்து மாத்திரையை மட்டும் மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டு முழுங்கினா. "வயித்துல இருக்குற பூச்சியைக் கொல்ற மருந்து, வயித்துல இருக்குற புள்ளையை மட்டும் விட்டுவைக்குமா?"ன்னு கேட்டா. பசறைப் பக்கத்துல எங்க லயத்துல இதை நெறைய பேர் கேட்டிருக்காங்க. அம்மாயியும் "அதுதான் நல்லது, குடிக்காத"ன்னு சொல்லிட்டாங்க.

நான் அப்ப ஏ.எல். படிச்சிட்டு இருந்தேன். அக்கா படிக்காதவ, அதான் இப்பிடிப் பேசுறான்னு நினைச்சேன். இப்ப பல்கலைக்கழகத்துல கலைப்பீடத்துல இருந்துக்கிட்டு, வேண்டாவெறுப்பா எடுத்த புள்ளிவிபரவியல் பாடத்துக்காக வாசிக்கும்போதுதான் ஒன்னு வெளங்குச்சு. அக்கா கேட்டது முட்டாள்தனமான கேள்வியே இல்லை. அதே கேள்வியை இலங்கையிலேயே விஞ்ஞானிகள் கேட்டு, ஆயிரக்கணக்கான தாய்மாரோட பிரசவத்தை எண்ணிப் பாத்து, 1999இல் லான்செட் சஞ்சிகையில எழுதியிருக்காங்க. அக்காவுக்கு அதை யாரும் சொல்லலை, அவ்வளவுதான்.

கொஞ்சம் பின்னாடி போவோம். கொக்கிப்புழு நம்ம தோட்டங்களோட பழைய சொந்தக்காரன். செருப்பில்லாத காலும் கக்கூஸ் இல்லாத லயமும் இருந்தா அதுக்கு வேற என்ன வேணும்? மண்ணுல இருக்குற குடம்பி காலோட தோலைத் துளைச்சு உள்ள போகும், குடல்ல ஒட்டிக்கிட்டு ரத்தம் குடிக்கும். 1916லேயே ரொக்ஃபெல்லர் நிறுவனத்துக்காரங்க இலங்கைத் தேயிலைத் தோட்டங்கள்ல கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கினாங்க. நூறு வருசத்துக்கு மேல ஆச்சு. மாதவிடாய்ல ரத்தம் போகும், பிரசவத்துல போகும், இது போதாதுன்னு புழுவும் குடிக்கும். கொழுந்து பறிக்கிற பொம்பளைக்கு ரத்தசோகை வாரதுல என்ன அதிசயம்?

1994இல் அத்துக்கோரளவும் கூட வேலை செஞ்சவங்களும் வெளியிட்ட ஓர் ஆய்வு நேரடியா நம்ம பெருந்தோட்டத் துறையைப் பத்தினது. 195 கர்ப்பிணிகள். இரும்பு, ஃபோலேட் மாத்திரையோட பூச்சி மருந்தும் சேத்துக் குடுத்தா, இரும்பு மட்டும் குடுக்கிறதைவிட ரத்தத்தோட நிலை நல்லா ஏறுதுன்னு அது காட்டுச்சு. ஓட்டை வாளியில தண்ணி ஊத்துற கதைதான். முதல்ல ஓட்டையை அடைக்கணும்.

ஆனா அக்காவோட கேள்வி அது இல்லையே. தாய்க்கு நல்லதுன்னு அவளுக்கும் தெரியும். பிள்ளைக்கு என்ன ஆகும்?

இங்கதான் நிலாந்தி டி சில்வாவும் அவங்க குழுவும் செஞ்ச 1999 ஆய்வு வருது. மெபென்டசோல் குடிச்ச 5275 தாய்மார், குடிக்காத 1737 தாய்மார். பெரிய பிறவிக் குறைபாட்டோட பிறந்த பிள்ளைகள் முதல் கூட்டத்துல 97, அதாவது 1.8 சதவீதம். ரெண்டாவது கூட்டத்துல 26, அதாவது 1.5 சதவீதம். இந்தச் சின்ன வித்தியாசம் தற்செயலா வரக்கூடியதுதான். ஆனா மருந்து குடிச்சவங்க பக்கம், செத்துப் பிறந்த அல்லது பிறந்து சில நாள்ல இறந்த பிள்ளைகள் 1.9 சதவீதம், குடிக்காதவங்க பக்கம் 3.3 சதவீதம். ஒன்றரைக் கிலோவுக்கும் குறைஞ்ச பிள்ளைகளும் அப்படித்தான், 1.1க்கு எதிரா 2.3.

இதைப் பாத்ததும் "பாத்தியா, மாத்திரை நல்லது"ன்னு கத்தத் தோணும். எனக்கும் தோணுச்சு. புள்ளிவிபரவியல் ஆள் அந்த இடத்துல கையைப் பிடிச்சு நிறுத்துவார்.

முதல்ல, முதல் மூணு மாசத்துக்குள்ளேயே, குடிக்க வேணாம்னு சொல்லப்பட்ட காலத்துல குடிச்சவங்க 407 பேர் இருந்தாங்க. அவங்கள்ல 10 பிள்ளைகளுக்குக் குறைபாடு, 2.5 சதவீதம். குடிக்காதவங்க கணக்குப்படி பாத்தா ஏறக்குறைய 6 பேருக்குத்தான் வந்திருக்கணும். மிச்சம் 4 பிள்ளைகள். இது மருந்தாலயா, தற்செயலா? ஆய்வு குடுக்கிற விடை ஓர் இடைவெளி. ஆபத்து 0.81 மடங்குல இருந்து 3.56 மடங்கு வரைக்கும் எங்கேயும் இருக்கலாம். அதாவது கொஞ்சம் குறைஞ்சும் இருக்கலாம், மூணு மடங்குக்கு மேல கூடியும் இருக்கலாம். "ஆபத்துன்னு நிரூபணம் ஆகலை" என்கிறதும் "ஆபத்து இல்லைன்னு நிரூபணம் ஆயிருச்சு" என்கிறதும் ஒன்னு இல்லை. டக்ளஸ் ஆல்ட்மன் என்ற ஆங்கிலேயப் புள்ளிவிபரவியலாளர் இந்த ஒரு விசயத்தை மருத்துவர்களுக்குப் புரிய வைக்கவே வாழ்நாள்ல பாதியைச் செலவழிச்சார்னு சொல்லலாம். முதல் மூணு மாசம் கழிச்சுத்தான் மாத்திரைங்கிற விதியை இந்த எண்கள் அசைக்கவே இல்லை.

அடுத்தது இன்னும் நுட்பம். மாத்திரை குடிச்சது யாரு, குடிக்காதது யாரு? இந்த ஆய்வுல யாரும் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கலை. ஒழுங்கா கிளினிக் போறவ, வீட்டுல ஆதரவு இருக்குறவ, சம்பளம் வெட்டுப்படாம அரை நாள் லீவு கிடைக்கிறவதான் மாத்திரையும் வாங்கியிருப்பா, திரிபோஷாவும் வாங்கியிருப்பா. அவ பிள்ளை தப்பிச்சது மாத்திரையாலயா, அந்த மத்த எல்லாத்தாலயுமா? நம்ம பக்கத்துல டியூஷன் போன பிள்ளைகள் ஓ.எல். நல்லா செய்றாங்க. டியூஷனாலயா, இல்லை டியூஷனுக்குக் காசு குடுக்கக்கூடிய வீட்டுல பிறந்ததாலயா? அதே சிக்கல்தான்.

இதைத் தீர்க்க ஒரே நேர்மையான வழி சீட்டுக் குலுக்குறது. உகண்டாவுல என்டபே நகரத்துல அதைச் செஞ்சாங்க. 2507 கர்ப்பிணிகளைக் குலுக்கல் முறையில பிரிச்சு, சிலருக்கு அல்பென்டசோல் என்ற பூச்சி மருந்து, சிலருக்கு வெறும் மாத்திரை. யாருக்கு எதுன்னு தாய்க்கும் தெரியாது, டொக்டருக்கும் தெரியாது. அதோட நிக்காம இன்னொரு மருந்தையும் அதே கூட்டத்துலேயே குறுக்கால பிரிச்சு சோதிச்சாங்க. ஒரே உழைப்புல ரெண்டு கேள்விக்கு விடை. இந்த மாதிரி யோசனைதான் புள்ளிவிபரவியலாளரோட கைவேலை. ஆனா பேப்பர்ல போட்டோ வாரது எப்பவும் ஸ்டெதஸ்கோப் போட்டவருக்குத்தான்.

2011இல் இந்த ஆய்வோட ஒரு பகுதி லான்செட்ல வந்தப்ப, முதல் பேர் எமிலி வெப். அவங்க லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியில மருத்துவப் புள்ளிவிபரவியலாளர். அவங்க தேடின விடை நோய் எதிர்ப்பு பத்தினது. புழு நம்ம உடம்புல வருசக்கணக்கா வாழணும்னா, நம்ம எதிர்ப்புச் சக்தியைத் தாலாட்டித் தூங்க வைக்கணும். அப்ப தாய் வயித்துல புழு இருந்தா பிள்ளையோட எதிர்ப்புச் சக்தியும் மந்தமாகுமா? பிசிஜி, ஏற்புவலி, சின்னமுத்துத் தடுப்பூசிகள் சரியா வேலை செய்யாம போகுமா? கர்ப்பத்துல பூச்சி மருந்து குடுத்தா அது சரியாகுமா? விடை: இல்லை, தடுப்பூசிக்குப் பிள்ளைகள் காட்டின எதிர்வினையில மாற்றம் இல்லை. தொற்று நோய்களும் குறையலை. அதைவிட ஆச்சரியம், அல்பென்டசோல் குடிச்ச தாய்மாரோட பிள்ளைகளுக்குக் கரப்பான் வாரது கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. பிறப்பு எடையிலயும் மொத்தத்துல வித்தியாசம் இல்லை. ரத்தசோகையில மட்டும், கொக்கிப்புழு கடுமையா இருந்த தாய்மாருக்குப் பலன் தெரிஞ்சுச்சு.

அப்ப 1999 ஆய்வு பொய்யா? நான் அப்படி நினைக்கலை. "மொத்தத்துல" என்ற சொல்லுலதான் எல்லாம் இருக்கு. லேசான தொற்று உள்ளவங்களையும் கடுமையா உள்ளவங்களையும் கூட்டிச் சராசரி எடுத்தா, கடுமையா உள்ளவ அதுக்குள்ள மறைஞ்சு போயிருவா. நம்ம ஆளுங்களும் அப்படித்தான் நாட்டோட சராசரிக்குள்ள மறையறாங்க. 2016 குடித்தொகை, சுகாதார ஆய்வுல, அஞ்சு வயசுக்குக் கீழ வயசுக்கேத்த உயரம் இல்லாத பிள்ளைகள் நாடு முழுக்க 17 சதவீதம், தோட்டத்துறையில ஏறக்குறைய 32. தனியா எண்ணினதாலதான் இது தெரியுது. அதுலயும் 20 ஏக்கருக்குக் கூடுன, 10 தொழிலாளியாவது குடியிருக்கிற காணிதான் கணக்குல "தோட்டம்". பதுளை டவுன்ல கடையில நிக்கிற, கொழும்புல வீட்டு வேலை செய்யிற நம்ம பிள்ளை எந்தக் கட்டத்துல விழுவா?

2011இல் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளோட குடற்புழு பத்தி இன்னொரு கட்டுரை வந்துச்சு. பத்து வருசம் மாத்திரை குடுத்த பிறகும் 29 சதவீதப் பிள்ளைகளுக்குப் புழு. எழுதினவங்க பட்டியல்ல குமாரேந்திரன், பத்மேஸ்வரன்னு ரெண்டு தமிழ்ப் பேரைப் பாத்தப்ப ஒரு சின்ன சந்தோசம் வந்துச்சு, மறைக்க விரும்பலை. ஆனா 29ங்கிற எண் என்ன சொல்லுது? மாத்திரை புழுவைக் கொல்லும், மண்ணைச் சுத்தமாக்காது. ஆறு மாசத்துல அதே மண்ணுல அதே கால் மிதிக்கும். எனக்குக் கோபம் இங்கதான். மாத்திரை மலிவு, கக்கூஸ் செலவு. அதனால மாத்திரையை எண்ணுறாங்க. ஒவ்வொரு லயத்துலயும் எத்தனை பேருக்கு ஒரு கக்கூஸ், அதுல எத்தனைக்குத் தண்ணி வருதுன்னு அதே அக்கறையோட எண்ணினா அந்தப் பட்டியல் யாரை உறுத்தும்னு சொல்லத் தேவையில்லை.

என் பள்ளிக்கூடத்துல ஏ.எல். கணிதப் பிரிவு இல்லை. கலைப்பிரிவுக்கு வந்தது என் விருப்பம்னு சொன்னா அது பொய். ஆனா பேராதனைக் கலைப்பீடத்துலேயே பொருளியலும் புள்ளிவிபரவியலும் ஒரே துறையா இருக்குன்னு எத்தனை தோட்டப் பிள்ளைகளுக்குத் தெரியும்? "கணக்கு வராது"ன்னு நம்மை நாமே ஒதுக்கிக்கிறோம். அக்கா கேட்டது எந்தக் கணக்கைவிடவும் நல்ல கேள்வி.

போன வருசம் அவ ரெண்டாவது பிள்ளைக்கு முழுகாம இருந்தா. நான் லீவுல போயிருந்தப்ப 5275ஐயும் 1737ஐயும் ஒரு கொப்பியில எழுதிக் காட்டினேன். 407ஐயும் மறைக்காம எழுதினேன். ரொம்ப நேரம் பாத்துட்டு, "அப்ப நான் இப்ப நாலாவது மாசம், குடிக்கலாம்தானே?"ன்னா. குடிக்கலாம், கிளினிக்ல மிஸ்கிட்ட இன்னொரு தடவை கேட்டுக்கோன்னு சொன்னேன். தண்ணி எடுத்து முழுங்கிட்டு, கொப்பியை என் பக்கம் தள்ளி, "இதுல நம்ம தோட்டத்து ஆளுங்க எத்தனை பேரு?"ன்னு கேட்டா.