கொல்லிப்பாவையும் எந்திரப் பாவையும்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை, வல்வில் ஓரி ஆண்ட மலையாகும். அம்மலையில் தெய்வத்தால் ஆக்கப்பட்ட பாவையொன்று இருந்ததாகச் சங்க இலக்கியம் கூறும். காற்றும் மழையும் இடியும் தாக்கினும் எழில் குன்றாத அப்பாவை, நற்றிணையிலும் குறுந்தொகையிலும் தலைவியின் அழகிற்கு உவமையாயிற்று. பிற்கால மரபோ, முனிவரைக் காக்க அமைக்கப்பட்ட பொறி அது என்றும், அரக்கர் வாடை பட்ட அளவில் தானே நகைத்து, அவரை மயக்கிக் கொல்லும் என்றும் விரித்துரைக்கும்.

இக்கதையைக் கற்பிக்குந்தோறும் என் உள்ளத்தே ஒரு வினா எழுவதுண்டு. வாடையால் பகைவனை அறியும் பாவை, வழிதவறி வந்த ஏதிலானை எங்ஙனம் அறியும்? பிழைபடக் கொன்றால் அப்பழி யாரைச் சாரும்?

கதை இதற்கு விடை கூறவில்லை. நாம் கூறியாக வேண்டும். மனிதன் குறித்துக் காட்டாமலே இலக்கைத் தேர்ந்து தாக்கும் படைக்கருவிகள் இன்று கதையளவில் நிற்கவில்லை. அவற்றைப் பற்றிக் கவலை தெரிவித்து 2023 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் வந்த தீர்மானத்தை 152 நாடுகள் ஆதரித்தன. இந்தியா உள்ளிட்ட 4 நாடுகள் எதிர்த்தன. ஜெனீவாவில் நடைபெறும் பேச்சே இதற்குத் தக்க களம் என்பது நம் நாட்டின் நிலைப்பாடு. களம் எதுவாயினும் வினா ஒன்றே.

எந்திரத்தை வெறுத்தல் நம் மரபன்று. அல் ஜஸரீ 1206இல் நிறைவு செய்த பொறிநூலில், மன்னர் ஒளுச் செய்ய நீர் வார்க்கும் பாவையும் இடம்பெற்றுள்ளது. கழிவுநீர்க் குழியில் மனிதன் இறங்கி மடியாதிருக்க, 2018இல் திருவனந்தபுரத்தில் ‘பேண்டிகூட்’ என்னும் எந்திரம் இறக்கப்பட்டது. இவை உயிருக்கு ஊழியம் செய்பவை, போற்றத்தக்கவை.

எந்திர மாந்தர் மனிதர்க்குத் தீங்கு செய்யலாகாது என 1942இல் ஐசக் அசிமோவ் தம் கதையில் விதி வகுத்தார். எனினும் எந்திரத்திற்கு நிய்யத் இல்லை; அச்சமும் இல்லை, இரக்கமும் இல்லை. செயலுக்கு எண்ணமே அடிப்படை எனக் கொள்ளும் நமக்கு, எண்ணமற்ற ஒன்றைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துதல் இயலாது. ஆக்கியவரும் ஏவியவருமே பொறுப்பாளர். ‘கணிப்பொறி தேர்ந்தது’ என்னும் விடை, மாந்தர் மன்றத்திலும் செல்லாது. மறுமை நாளிலும் செல்லாது.

ஆகவே, உயிரைப் பறிக்கும் இறுதி முடிவு மனிதன் கையிலேயே இருத்தல் வேண்டும். அம்முடிவை எடுத்தவர் இன்னார் என்பது ஏட்டில் பதிவாதலும் வேண்டும். கணிப்பொறி அறிவியல் பயிலும் நம் மாணவச் செல்வங்கள் நாளை இத்தகு பாவைகளை ஆக்கக்கூடும். அவை யாருக்காக நகைக்கும், யாரைக் கொல்லும் என்று கேட்ட பின்னரே அவர்கள் கைவைப்பார்களாக!