மீனை மறுக்கும் குழந்தையும் உள்நாட்டுச் சந்தையும்

பெங்களூரின் தென்கிழக்கே ஓசூர் நெடுஞ்சாலையில் உள்ள பொம்மசந்திராவிலிருந்து மேற்கே மங்களூருக்கோ கிழக்கே சென்னைக்கோ செல்லச் சாலை வழி 300 கிலோமீட்டருக்குக் குறையாது. அத்தொழிற்பேட்டையைச் சுற்றி வாழும் குடும்பங்களின் அடுப்பை எட்டும் மத்தியும் கானாங்கெளுத்தியும் அத்தொலைவைக் கடந்தே வருகின்றன. இத்தகைய உள்நாட்டு ஊர்களில் மீனைத் தொட மறுக்கும் குழந்தையைப் பிடிவாதக் குழந்தை என்று கண்டிப்பது எளிது. ஆனால் அது முறையன்று. குழந்தையின் நாவைக் குறை கூறுமுன் மீன் வந்த பெட்டியில் பனிக்கட்டி எவ்வளவு இருந்தது என்பதை ஆராய்தல் வேண்டும்.

கடல் மீனின் தசையில் டிரைமெத்திலமீன் ஆக்ஸைடு என்னும் பொருள் இயற்கையாகவே உள்ளது. அதற்கு மணமில்லை. மீன் இறந்த பின்னர், வெப்பம் மிகுந்தால், பாக்டீரியாக்கள் பெருகி அதனை டிரைமெத்திலமீனாக மாற்றுகின்றன. மீன் நாற்றம் என்று எல்லோரும் சொல்வது பெரும்பாலும் இதுவே. புதிய மீனில் இது மிகக் குறைவு. ஆகவே நாற்றங்கண்டு முகஞ்சுளிக்கும் குழந்தை பல நேரங்களில் சரியான தீர்ப்பையே கூறுகின்றது எனலாம்.

டிரைமெத்திலமீன் காரத்தன்மை உடையது. புளியோ எலுமிச்சைச் சாறோ அதனைக் கட்டி, ஆவியாகாமல் செய்துவிடும். நம் வீடுகளின் புளிக்குழம்பில் நல்ல இரசாயனம் இருக்கின்றது. எனினும் கெடத் தொடங்கிய மீனை மசாலையால் மறைப்பது வேறு செயல். கானாங்கெளுத்தி, மத்தி, சூரை ஆகியவற்றின் தசையில் ஹிஸ்டிடின் மிகுதி. குளிர் தவறினால் அது ஹிஸ்டமீனாக மாறும். ஹிஸ்டமீன் கொதிக்க வைத்தாலும் அழிவதில்லை. உண்ட சிறிது நேரத்தில் முகம் சிவத்தல், அரிப்பு, தலைவலி, வாந்தி ஆகியவை தோன்றும். இதனை மீன் ஒவ்வாமை என்று தவறாக எண்ணி, வீட்டார் அன்றோடு மீனையே விலக்கிவிடுதலும் உண்டு. மெய்யான ஒவ்வாமையும் உள்ளதாகையால், இவ்விரண்டையும் பிரித்தறிவது மருத்துவர் பணியே.

ஒருமுறை உண்டு நோயுற்றால் அவ்வுணவின்மீது ஏற்படும் வெறுப்பு எளிதில் நீங்காது. 1955இல் அமெரிக்க ஆய்வாளர் ஜான் கார்சியாவும் அவருடைய துணைவர்களும், இனிப்பு நீர் பருகும் நேரத்தில் கதிரியக்கத்திற்கு உட்பட்ட எலிகள் பின்னர் அவ்வினிப்பையே தவிர்த்ததைக் கண்டனர். குழந்தையின் உடலும் இவ்வகையில் நினைவாற்றல் மிக்கது. கெட்ட மீன் ஒரு வேளை கொடுக்கப்படுமாயின், பல மாத முயற்சி வீணாகும்.

முயற்சி வேண்டியதுதானா எனின், வேண்டியதே. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 6 மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைகளில் 67 சதவீதத்தினர் இரத்தச்சோகை உடையவர். மீன், தன்னிடமுள்ள இரும்புச்சத்தைத் தருவதோடு, உடன் உண்ணும் கேழ்வரகு, கீரை ஆகியவற்றின் இரும்பையும் உடல் ஏற்க உதவுகின்றது. மத்தி போன்ற கொழுப்பு மீன்களில் மூளை வளர்ச்சிக்கு உதவும் ஒமேகா-3 கொழுப்பும் உண்டு. இதற்கு விலை மிகுந்த வஞ்சிரம் தேவையில்லை. பெரிய மீன்களில் பாதரசம் சேர்தல் கூடுமாகையால் சிறு மீனே குழந்தைகட்கு ஏற்றது.

பழக்குதற்குப் பொறுமை வேண்டும். லியான் பர்ச் என்பாரும் அவருடைய துணைவர்களும் 1982இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வயதுக் குழந்தைகள் புதிய உணவைப் பலமுறை சுவைத்த பின்னரே விரும்பத் தொடங்கினர். 1984இல் அவர்கள் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, பரிசு காட்டி உண்ணச் செய்த பானத்தின்மீது குழந்தைகளின் விருப்பம் குறைந்ததைக் காட்டிற்று. "மீனைத் தின்றால் மிட்டாய்" என்னும் பேரம் பயன் தராமைக்குக் காரணம் இதுவே. இரண்டு விரற்கடை அளவு மீனைச் சோற்றோடு பிசைந்து, வாரந்தோறும், வற்புறுத்தாமல் வைப்பது மேல். பெரியவர் தாமும் உடனிருந்து உண்ணவேண்டும்.

முள்ளும் பெருந்தடையாகும். கெண்டை இனங்களின் தசைக்குள் கவைமுட்கள் பரவிக் கிடப்பதால் சிறு குழந்தைக்கு அவை ஏலா. கடல் மீன் நல்ல நிலையில் கிடைக்காத நாளில் விராலோ ஜிலேபி மீனோ முதலில் தரலாம். ஆனால் கழிவுநீர் கலக்கும் ஏரியில் பிடித்ததாக இருத்தலாகாது. 2016இல் பெங்களூர் அல்சூர் ஏரியில் மீன்கள் திரளாக மடிந்ததை மறத்தற்கில்லை.

சில வீடுகளில் மீன் உண்ணாமை குடும்ப வழக்கம். அக்குழந்தையை வகுப்பில் வைத்து வற்புறுத்த எந்த ஆசிரியருக்கும் உரிமையில்லை. புலால் உண்ணும் வீடுகளின் தாய்மாருக்குக் களப்பணியாளர் முதலில் கற்பிக்கத்தக்கது சமையற்குறிப்பு அன்று. செவுள் சிவந்துள்ளதா, கண் தெளிந்துள்ளதா, மீனின் எடைக்கு நிகராகப் பனிக்கட்டி உள்ளதா என்று விற்பவரின் பெட்டியைத் திறந்து பார்க்கும் பழக்கமே.