ஊர்காவலரின் கூலியும் குமாரபுரத்தின் கணக்கும்

பதிவு கொஞ்சம் நீளம். முழுவதையும் வாசித்துவிட்டுக் கருத்துச் சொல்லுங்கள்.

மூதூர், தோப்பூர், கிளிவெட்டிப் பக்கத்தில் ஊர்காவல் படையில் இருந்தவர்களைத் தெரியாத வீடு குறைவு. 1985ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தைக் கொண்டு அரசாங்கம் எல்லைக் கிராமங்களில் ஊர்ப் பொடியன்களைச் சேர்த்துத் துவக்குக் கொடுத்தது. 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் நடந்தவற்றுக்குப் பிறகு எங்கள் ஊர்களிலும் பலர் விரும்பிச் சேர்ந்தார்கள். பகலில் வயல், இரவில் காவல். கொடுப்பனவோ சொற்பம்.

2006 செப்டெம்பரில் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் வந்தது. அதற்குள் எடுக்கப்பட்டவர்களுக்கு ஒரு திணைக்களம், ஒரு பதவி, ஒரு சம்பளப் பட்டியல் இருக்கிறது. அதற்கு முன்பே காயப்பட்டு விலகியவர், குடும்பக் கஷ்டத்தால் நின்றவர், காவலில் மௌத்தானவர் ஆகியோரின் கணக்கு எங்கே?

கூலியை இழுத்தடிப்பது அநியாயம் என்று மார்க்கம் எங்களுக்குப் படிப்பித்திருக்கிறது. நாட்டைக் காப்பது அரசாங்கத்தின் கடமை. அந்தக் கடமையைக் குறைந்த விலைக்கு ஊர்ப் பிள்ளைகளின் தலையில் கட்டியது அரசாங்கம். ஆகவே இது பிச்சை அல்ல, கடன். சேவைக்காலத்தை எண்ணி, நிலுவையும் காயத்துக்கும் உயிருக்கும் உரிய நட்டஈடும் கொடுக்க வேண்டும் என்று நாங்கள் கேட்கிறோம்.

ஆனால் இந்தக் கோரிக்கையைக் கிளிவெட்டியில் நின்று எழுதும்போது பக்கத்தில் இருக்கும் குமாரபுரத்தைத் தாண்டிப் போக முடியாது.

1996 பெப்ரவரி 11ஆம் திகதி அங்கே பெண்களும் சிறு பிள்ளைகளுமாக 24 தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். இராணுவத்தினரோடு தெஹிவத்தை ஊர்காவலரும் வந்தார்கள் என்று உயிர் தப்பியவர்கள் சொன்னார்கள். வழக்கு 20 வருடம் இழுபட்டது. 2016 ஜூலையில் அநுராதபுரம் மேல் நீதிமன்றத்தில் ஆறு இராணுவக் கோப்ரல்களும் விடுதலையானார்கள்.

“அவர்கள் எங்கள் ஆட்கள் இல்லையே” என்று சிலர் சொல்லக்கூடும். 1992 ஏப்ரலில் அழிஞ்சிப்பொத்தானையில் எங்கள் மக்கள் கொல்லப்பட்டதும், பழிவாங்கலாக முத்துக்கல், கரப்பொலைத் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அதில் முஸ்லிம் ஊர்காவலர் இருந்ததாக மனித உரிமை அறிக்கைகள் சொல்கின்றன. அதை என்ன செய்வது?

அரசாங்கம் இந்தக் கணக்கை எப்படி எழுதுகிறது என்று பாருங்கள். 2006 ஓகஸ்டில் மூதூரில் 17 தொண்டுப் பணியாளர்கள் கொல்லப்பட்டார்கள். அதை விசாரித்த ஜனாதிபதி ஆணைக்குழுவின் முடிவு 2009இல் வெளியே வந்தது. இராணுவத்தில் குற்றமில்லை, புலிகளோ முஸ்லிம் ஊர்காவலரோ செய்திருக்கலாம் என்றார்கள். துவக்குக் கொடுக்கும்போது அரசாங்கத்தின் படை. பழி வரும்போது ‘முஸ்லிம் ஊர்காவலர்’. நிலுவை கேட்டால் தொண்டர். மூன்று பெயரும் ஒரே ஆளுக்குத்தான்.

நாங்களும் அதே விளையாட்டை விளையாடக் கூடாது. ஓய்வூதியத்துக்கு மட்டும் ‘அரசாங்க ஆள்’, குமாரபுரத்தைப் பற்றிக் கேட்டால் ‘யாரோ தனிப்பட்டவர்’ என்று சொன்னால் எங்கள் கோரிக்கைக்கே கால் இல்லை. அவர்கள் அரசாங்கத்தின் ஆட்கள் என்றால் கூலிக்கும் அரசாங்கம் பொறுப்பு, கொலைக்கும் அரசாங்கம் பொறுப்பு. கை வைத்தவனும் அதோடு சேர்ந்து பொறுப்பு.

உலகத்தில் இது முன்பும் நடந்திருக்கிறது. 1850களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் பூர்வகுடிகளுக்கு எதிராக உள்ளூர்ப் படைகளைத் திரட்டியது. செலவை மத்திய அரசிடம் கேட்டது. 1854இல் காங்கிரஸ் 9 இலட்சம் டொலருக்கு மேல் ஒதுக்கியது. துவக்குப் பிடித்தவர்களின் செலவு அப்படிக் கணக்கில் ஏறியது. செத்தவர்களுக்காக அந்த மாநில ஆளுநர் மன்னிப்புக் கேட்டது 2019இல். இடையில் 165 வருடம். ஒரு பக்கத்தை மட்டும் எழுதிய கணக்கு அப்படித்தான் முடியும்.

எனவே எங்கள் யோசனை இதுதான்.

முதலாவது, பழைய ஊர்காவலரும் குடும்பங்களும் கையில் இருக்கும் நியமனத் துண்டு, அடையாள அட்டை, வைத்தியசாலைச் சீட்டு எல்லாவற்றையும் பிரதி எடுத்து வையுங்கள். எழுத்து வேலைக்கு ஊரில் ஆசிரியர்கள் இருக்கிறோம்.

இரண்டாவது, 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டப்படி விண்ணப்பம் போடுவோம். எங்கள் ஊர்களில் யார் யாரைச் சேர்த்தீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள், எந்தப் படை முகாமின் கீழ் வைத்தீர்கள் என்று கேட்போம். விண்ணப்பத்துக்கு 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அந்தப் பெயர்ப் பட்டியல் எங்களுக்கும் உதவும், குமாரபுரத்து மக்களுக்கும் உதவும். அதனால் யாருக்காவது சங்கடம் வந்தால் வரட்டும்.

மூன்றாவது, இழப்பீட்டுக்கான அலுவலகத்துக்கு எங்கள் மனு போகும் நாளில் குமாரபுரத்து மக்களின் மனுவும், அவர்கள் விரும்பினால், சேர்ந்து போகட்டும். முதலில் அவர்களிடம் போய்க் கேட்க வேண்டியது நாங்கள்தான்.

உடன்படாதவர்கள் தாராளமாக எழுதுங்கள். கிளிவெட்டிச் சந்தியில் ஒரே கடையில் தேநீர் குடிக்கிற நாம் இதையும் பேசித்தான் ஆக வேண்டும்.