ஒரே ஏரி, இரண்டு சட்டம்
கலயத்துக் கள்ளும் கலப்பட விஷமும்

பழவேற்காடு ஏரியின் நடுவே எல்லைக் கல் எதுவும் நடப்படவில்லை. ஆயினும் அந்த ஏரியின் தென்கோடி தமிழ்நாட்டையும், மற்றப் பெரும் பகுதி ஆந்திரப் பிரதேசத்தையும் சேர்ந்தவை. கோட்டைக்குப்பத்திலிருந்து புறப்படும் தோணி வடக்கு நோக்கிச் சென்றுகொண்டே இருந்தால், தன்னை அறியாமலே வேறொரு ராஜ்யத்துக்குள் நுழைந்துவிடுகிறது. மீனுக்கும் இறாலுக்கும் இந்த எல்லை தெரியாது. கரையில் நிற்கும் பனைமரத்துக்கும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவன் மரம் ஏறுகிறவன் ஒருவன்தான். வடகரையில் உரிமம் பெற்றுப் பாளை சீவிக் கள் இறக்கினால் அது தொழில். தென்கரையில் அதே பாளையைச் சீவி, அதே கள்ளை இறக்கினால் அது குற்றம்.

கள் இறக்கும் உரிமை வேண்டும் என்ற கோரிக்கை தமிழ்நாட்டில் புதிதல்ல. தமிழ்நாடு கள் இயக்கம் பல ஆண்டுகளாக இதைக் கேட்டு வருகிறது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், கள்ளுக்கு விதித்த தடையை ஏன் மறுபரிசீலனை செய்யக் கூடாது என்று அரசைக் கேட்டது. 2025 ஜூனில் நாம் தமிழர் கட்சியின் சீமான், தூத்துக்குடி மாவட்டத்தில் பனைமரம் ஏறியே தடையை மீறிக் காட்டினார். மேடைப் பேச்சுக்கும் மரமேறும் காட்சிக்கும் அப்பால் ஒரு விஷயம் இருக்கிறது. அதைக் கடற்கரைக் குப்பங்கள் உயிரைக் கொடுத்து அறிந்திருக்கின்றன.

வலைஞர் வீட்டுப் பக்குவம்

வீட்டில் மது சமைப்பது மேல்நாட்டார் கண்டுபிடித்த பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் பெரும்பாணாற்றுப்படையைப் புரட்டிப் பார்க்க வேண்டும். காஞ்சியிலிருந்து தொண்டை நாட்டை ஆண்ட இளந்திரையனைப் பற்றிக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய நூல் அது. பழவேற்காடு அந்தத் தொண்டை மண்டலத்தைச் சேர்ந்த ஊரே. பாணன் செல்லும் வழியில் வலைஞர் குடியிருப்பு ஒன்று வருகிறது. அங்கே அவனுக்குக் கிடைக்கும் விருந்து, சுட்ட மீனும் வீட்டில் செய்த மதுவும். புலவர் விருந்தைச் சொல்வதோடு நிற்கவில்லை. அந்த மதுவின் செய்முறையையே ஒழுங்காகச் சொல்லிவிடுகிறார். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்க வேண்டும். வாயகன்ற தட்டில் இட்டு ஆற்ற வேண்டும். பிறகு அதில் 'நல்லடை'யைக் கலக்க வேண்டும். இதற்கு நெல் முளையை இடித்தது என்று பழைய உரை பொருள் சொல்கிறது. இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைத்து, பச்சை வாடை போன பின் விரலால் அலைத்துப் பிழிந்து எடுக்க வேண்டும்.

இது பீர் செய்யும் முறையன்றி வேறென்ன? தானியத்தில் இருப்பது மாவு. மாவை நேரடியாக நொதிக்கச் செய்ய முடியாது. முதலில் அது சர்க்கரையாக மாற வேண்டும். முளைவிட்ட தானியத்தில் உள்ள நொதிப் பொருள் அந்த வேலையைச் செய்கிறது. ஐரோப்பியர் பார்லியை முளைகட்டிச் செய்வதை, தொண்டை நாட்டு வலைஞர் நெல்லை முளைகட்டிச் செய்திருக்கிறார்கள். களியை ஏன் ஆற்ற வேண்டும்? சுடச்சுடக் கலந்தால் முளையின் சக்தி அழிந்துவிடும். ஏன் இரண்டு நாள்? குறைந்தால் பச்சை வாடை, கூடினால் புளிப்பு. இந்தக் கணக்கெல்லாம் ஒரே நாளில் ஏற்பட்டிருக்க முடியாது. எத்தனையோ சாடிகள் கெட்டுப் போய், எத்தனையோ பேர் முகம் சுளித்து, அடுத்த முறை சிறிது மாற்றிப் பார்த்துக் கைவந்த பக்குவம் அது.

பனங்கள்ளுக்கு இவ்வளவு வேலை கூடக் கிடையாது. பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டினால் போதும். காற்றிலும் கலயத்திலும் உள்ள நுண்ணுயிர்கள் இனிப்புச் சாற்றைச் சில மணி நேரத்தில் கள்ளாக்கிவிடுகின்றன. கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவினால் நொதிப்பு நின்று, அதுவே பதநீர் ஆகிறது. பதநீர் சட்டத்துக்கு உட்பட்டது, கள் உட்படாதது. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு விரல் சுண்ணாம்பு. புதிய கள்ளில் சாராயச் சத்து ஏறக்குறைய நூற்றுக்கு 4 அல்லது 5 பங்கு. பீரும் அதே அளவுதான். ஆனால் பீர் சர்க்கார் கடையிலேயே தாராளமாகக் கிடைக்கிறது!

தடை வந்த கதை

1937 அக்டோபர் 1-ந் தேதி ராஜாஜி மந்திரி சபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948 அக்டோபர் 2-ந் தேதி, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல் மந்திரியாக இருந்தபோது அது சென்னை மாகாணம் முழுவதற்கும் பரவியது. அந்தச் சட்டத்தின் நோக்கத்தைக் குறை கூறுவது நியாயமாகாது. ஏலத்தில் எடுத்த கள்ளுக்கடைகளும் சாராயக் கடைகளும் ஏழைகளின் கூலியை எப்படி உறிஞ்சின என்பதை அந்தத் தலைமுறை கண்ணால் கண்டது.

அதன் பிறகு நடந்ததுதான் விசித்திரம். 1971-ல் கடைகள் திறந்தன. இரண்டு மூன்று ஆண்டுகளில் மூடின. 1981-ல் மீண்டும் திறந்தன. 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. 1987 ஜனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் ஒருசேரத் தடை செய்யப்பட்டன. இடையில் மலிவு விலை மது வந்து போனது. 2003-ல் சில்லறை விற்பனையையும் டாஸ்மாக்கே எடுத்துக்கொண்டது. ஆக, மதுவைத் தடுக்கப் பிறந்த 1937-ம் ஆண்டுச் சட்டம் இன்றும் ஏட்டில் இருக்க, அதே ராஜ்யத்தின் கஜானாவுக்கு மது மூலம் 2024-25-ல் 48,000 கோடி ரூபாய்க்கு மேல் வந்திருக்கிறது. மரத்திலிருந்து இறங்குவது விலக்கப்பட்டது. தொழிற்சாலையிலிருந்து வருவது அனுமதிக்கப்பட்டது. இதற்கு மதுவிலக்கு என்று பெயர் சொன்னால் ராஜாஜியே சிரித்திருப்பார்.

குப்பத்தில் விழுந்த இடி

2023 மே மாதம். விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் என்ற மீனவர் குப்பத்தில், சாராயம் என்று நம்பிக் குடித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சாய்ந்தார்கள். அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டத்திலும் சாவுகள் நேர்ந்தன. இரண்டு இடங்களிலும் சேர்த்து 20 பேருக்கு மேல் மாண்டனர். மறு ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பெண்கள் உட்பட 60 பேருக்கு மேல் மடிந்தனர்.

அவர்கள் குடித்தது என்ன? கள் அல்ல. பீர் அல்ல. சரியாகச் சொல்லப்போனால் சாராயம்கூட அல்ல. தொழிற்சாலைகளுக்கு என்று தயாராகும் மெத்தனால் என்ற விஷச் சாராயம் அது. பார்வைக்கும் வாசனைக்கும் சாராயம் போலவே இருக்கும். உடலுக்குள் போன பின் அது ஃபார்மிக் அமிலமாக மாறி, முதலில் கண் நரம்பைத் தாக்குகிறது. பிறகு உயிரை வாங்குகிறது. விஷம் வேலை செய்ய அரை நாள், ஒரு நாள் ஆவதும் உண்டு. அதனால் குடித்தவன் வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்து, கண் மங்குகிறதே என்று திகைக்கும் போது காலம் கடந்துவிடுகிறது. மாற்று மருந்தும் டயாலிசிஸும் உண்டு; ஆனால் நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் பயன்.

இங்கேதான் பொதுஜனங்கள் பலருக்கும் ஒரு குழப்பம். வீட்டில் ஊற வைப்பதெல்லாம் விஷமாகிவிடும் என்று எண்ணுகிறார்கள். அரிசியையோ வெல்லத்தையோ பனஞ்சாற்றையோ நொதிக்கச் செய்தால் ஆளைக் கொல்லும் அளவுக்கு மெத்தனால் உண்டாவதில்லை. விஷம் பானையில் பிறக்கவில்லை, பீப்பாயில் வந்தது. வெல்லமும் வேலம்பட்டையும் போட்டு ஊறல் வைத்துக் காய்ச்சிய பழைய கள்ளச் சாராயக்காரனுக்குக்கூட அடுப்பும் விறகும் சில நாள் அவகாசமும் வேண்டியிருந்தன. புகை எழுந்தால் போலீஸ் வரும். எனவே அவனுடைய பரிசோதனைகள் எல்லாம் ருசியை நோக்கிப் போகவில்லை. வேகத்தை நோக்கிப் போயின. சீக்கிரம் ஊற வேண்டும், சீக்கிரம் ஏற வேண்டும் என்று கண்டதையெல்லாம் பானையில் போட்டான். கடைசியில் ஊறலும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம், பீப்பாயைத் திறந்து தண்ணீர் ஊற்றினால் போதும் என்ற இடத்துக்கு வியாபாரம் வந்து சேர்ந்தது. வலைஞர் வீட்டுச் சாடியில் வளர்ந்த பக்குவம், ஒளிந்து செய்யும் இடத்தில் இப்படித்தான் செத்தது.

கூலிக்காரன் ஏன் அங்கே போகிறான் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. டாஸ்மாக்கில் 180 மில்லி சாதாரண ரகக் குப்பி 2024 பிப்ரவரியில் 140 ரூபாய்க்கு உயர்ந்தது. வலையில் அன்று விழுந்தது எவ்வளவு என்பதைப் பொறுத்தே அவன் கை கனக்கும்.

மறுபக்கம்

அப்படியானால் நாளைக்கே கள்ளுக்கடையைத் திறந்துவிடலாமா? அதுவும் யோசனையற்ற பேச்சு. கள் நுரைத்துப் பொங்குவது சில மணி நேரம். மறுநாளே புளித்துக் காடியாகத் தொடங்கும். அதிக மரமும் ஏறுகிறவர்களும் இல்லாத இடத்தில் கடை மட்டும் பெரிதாக நடந்தால், கலயத்தில் இருப்பது கள்ளாக இருக்காது. தெலங்கானாவில் தூக்க மருந்துகளைத் தண்ணீரில் கரைத்துக் கள் என்று விற்கும் கொடுமை நெடுங்காலமாக உண்டு. 2025 ஜூலையில் ஹைதராபாத் குக்கட்பள்ளியில் கலப்படக் கள் உயிர்களைக் குடித்தது. கள் அனுமதிக்கப்பட்ட ராஜ்யத்தில்தான் இதுவும் நடந்தது. மேலும், கணவன் குடித்துவிட்டு வந்தால் அடுப்பு எரியாது என்ற குப்பத்துப் பெண்ணின் கணக்கில், குடித்தது கள்ளா பிராந்தியா என்ற வித்தியாசத்துக்கு இடமில்லை. அவளை யாரும் கேட்காமல் எடுக்கும் எந்த முடிவும் அரை முடிவே.

மற்ற நாடுகள் வேறு வழியில் போயின. பிரிட்டனில் 1963-ல் வீட்டு பீருக்கான உரிமக் கட்டணம் எடுக்கப்பட்டது. அமெரிக்காவில் 1978-ல் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், வயது வந்த ஒருவர் சொந்த உபயோகத்துக்கு ஆண்டுக்கு 100 காலன் வரை வரியின்றி வீட்டில் பீர் செய்துகொள்ள இடம் தந்தது. விற்கக் கூடாது. காய்ச்சி வடிப்பதற்கும் அந்தச் சட்டம் இடம் தரவில்லை. நொதிக்கச் செய்வது வேறு, காய்ச்சி வடிப்பது வேறு, விற்பது வேறு என்று மூன்றையும் அங்கே பிரித்துப் பார்த்தார்கள்.

தமிழ்நாட்டில் 2024 ஜூனில், கள்ளக்குறிச்சிக்குப் பிறகு, சட்டம் திருத்தப்பட்டது. கள்ளச் சாராயத்தால் சாவு நேர்ந்தால் ஆயுள் தண்டனையும் 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. இது வேண்டியதே. ஆனால் மெத்தனால் பீப்பாய் எந்தத் தொழிற்சாலைக்குப் புறப்பட்டது, வழியில் எங்கே குறைந்தது என்ற கணக்கைத் தினந்தோறும் பார்ப்பது தண்டனையைக் கூட்டுவதைவிடப் பெரிய வேலை. பனையேறியின் கலயத்தைத் தேடி உடைக்கும் நேரத்தை இதற்குச் செலவிட்டால் குப்பங்களுக்கு உபகாரமாக இருக்கும். கள்ளைப் பொறுத்த வரையில், கடையும் ஏலமும் இன்றி, சொந்த மரத்துக் கள்ளை அன்றன்றே அங்கேயே கொடுக்கும் உரிமையை மட்டும் இரண்டொரு தாலுகாவில் கொடுத்து, இரண்டு பருவம் பார்க்கலாம். மோசமானால் நிறுத்துவதற்கு ஒரு கையெழுத்து போதும். 1937 முதல் இந்த விஷயத்தில் அதற்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை.

கோடையில் பாளை விடும் போது, பழவேற்காட்டுத் தென்கரையில் மரம் ஏறுகிறவன் கலயத்துக்குள் சுண்ணாம்பைத் தடவியே ஏற வேண்டும். எதிர்க்கரையில் ஏறுகிறவனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.