தெரு முதலில், வகுப்பறை பிறகு

இந்தியாவில் சமூகப்பணிக் கல்வி தோன்றிய வரலாற்றில் ஒரு வரிசைமுறை கவனிக்கத்தக்கது. கிளிஃபோர்டு மான்ஷார்ட் என்னும் அமெரிக்கப் பாதிரியார், பம்பாயின் நாக்பாடாவில், தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதியில், மக்கள் கூடும் இல்லம் ஒன்றை 1926-இல் தொடங்கினார். பத்தாண்டு கழித்து, 1936-இல், அவரை இயக்குநராகக் கொண்டு இந்நாட்டின் முதல் சமூகப்பணிப் பள்ளி பிறந்தது. டாடா சமூக அறிவியல் கழகம் என இன்று அறியப்படுவது அதுவே. சென்னையில் 1952-இல் சமூகப்பணிப் பள்ளியை நிறுவிய மேரி கிளப்வாலா ஜாதவும் தொண்டமைப்புகளில் நெடுங்காலம் உழைத்த பின்னரே கல்விக்கு வந்தவர். தெரு முதலில், வகுப்பறை பிறகு என்பதே அன்றைய முறை.

இன்று இந்த வரிசை தலைகீழாகிவிட்டது என்பது எங்கள் கருத்து. இளங்கலை சமூகப்பணி மாணவர்கள் வாரத்தில் இரண்டு நாள் களப்பணிக்குச் செல்வது நெடுநாள் வழக்கம். இதற்குமேல், எல்லா இளங்கலை மாணவர்களுக்கும் நான்காம் பருவத்துக்குப் பின் 60 முதல் 120 மணி நேர உள்ளகப் பயிற்சியை (இன்டர்ன்ஷிப்) பல்கலைக்கழக மானியக் குழுவின் 2024-ஆம் ஆண்டு நெறிமுறைகள் வகுத்துள்ளன. நோக்கம் நல்லதே. ஆனால் எண்ணப்படுவது மணிக்கணக்கு மட்டுமே. களம் என்று அனுப்பப்படும் இடம் பல நேரங்களில் ஒரு தொண்டு நிறுவனத்தின் அலுவலகமாக இருக்கிறது. அங்கே மாணவி பதிவேட்டை நகலெடுக்கிறாள், விழாவுக்குப் பதாகை கட்டுகிறாள், நிழற்படத்தில் நிற்கிறாள். கடைசி நாளில் கையொப்பமும் முத்திரையும் கிடைக்கின்றன. அந்த அலுவலகத்துக்குப் பின்புறம் உள்ள தெருவின் பெயர்கூட அவளுக்குத் தெரியாமல் போகலாம்.

அத்தெருவில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு எங்கள் ரெட்டியார்பாளையத்தையே காட்டலாம். 2024 ஜூன் 11 அன்று காலை, இங்குள்ள புதுநகரில், பாதாளச் சாக்கடையிலிருந்து வீட்டுக் கழிவறை வழியாக வந்த நச்சுவாயு இரண்டு பெண்களையும் ஒரு பள்ளிச் சிறுமியையும் கொன்றது. நாற்றம் பற்றி முன்பே முறையிட்டிருந்ததாகத் தெருவாசிகள் கூறியதை அன்றைய செய்திகள் பதிவு செய்தன. அந்த முறையீட்டை எடுத்துச் செல்ல அவர்களுக்கு ஒரு வார்டு உறுப்பினரும் இல்லை. புதுச்சேரியில் 38 ஆண்டு இடைவெளிக்குப் பின் 2006-இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் வென்றவர்களின் பதவிக்காலம் 2011-இலேயே முடிந்துவிட்டது. உழவர்கரை நகராட்சிக்கு உட்பட்ட இப்பகுதியில், அந்த ஜூன் மாதத்தில், மக்கள் தேர்ந்தெடுத்த நகராட்சி உறுப்பினர் எவரும் இருக்கவில்லை.

களப்பணி மாணவர் ஒருவர் அங்கே இருந்திருந்தால் மூவரும் பிழைத்திருப்பர் என்று நாங்கள் சொல்லவில்லை. பத்தொன்பது வயதுப் பிள்ளையின் தலையில் அரசின் பொறுப்பை ஏற்றுவது அநியாயம். ஆனால் தெருவின் புகாரைக் கேட்டு, தேதியிட்டு எழுதி, உரிய அலுவலகத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி, ஒரு வாரத்தில் மீண்டும் போய்க் கேட்பது சமூகப்பணியின் அரிச்சுவடி. அதைக் கற்க இதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

இலக்கிய வாசகர்களாகிய எங்களை உறுத்தும் இன்னொன்று, களப்பணி அறிக்கையின் மொழி. 'கக்கூசுக்குள்ள போனா கண்ணு எரியுது' என்று ஒரு மூதாட்டி சொன்னால், அது அறிக்கையில் 'சுகாதாரக் குறைபாடு' என்று ஆங்கிலத்தில் ஏறுகிறது. எரிந்த கண் அதில் இல்லை. எந்த வீடு, எந்த நேரம் என்ற செய்தியும் இல்லை. ஆபத்தை அறிவிக்கும் சொல்லே காணாமற் போனபின் அந்த அறிக்கை யாருக்குப் பயன்படும்? மதிப்பெண் வாங்கிய பிறகு அது கல்லூரி அலமாரியில் உறங்கும். சொன்ன மூதாட்டி அதைப் பார்க்கப்போவதே இல்லை.

ஆகவே கல்லூரிகளிடம் நாங்கள் கேட்பவை மூன்று. முதலாவது, பருவத்துக்கு ஒரு நிறுவனம் என்று மாற்றாமல், ஒரே பகுதியில் குறைந்தது ஓராண்டு மாணவரை விடுங்கள். முன்பின் தெரியாதவரிடம் எந்தக் குடும்பமும் முதல் மாதத்தில் மனம் திறப்பதில்லை. இரண்டாவது, மேற்பார்வை ஆசிரியர் மாதம் ஒருமுறையேனும் அதே தெருவுக்கு நேரில் வரட்டும். மாணவருக்குப் பேருந்துக் கட்டணமும் உணவுச் செலவுமாவது கிடைக்கட்டும். ஆஸ்திரேலிய அரசு 2025 ஜூலை முதல், கட்டாயக் களப்பயிற்சியில் இருக்கும் தகுதியுள்ள சமூகப்பணி மாணவர்களுக்கு வாரந்தோறும் உதவித்தொகை அளிக்கிறது. மாலையில் கடையில் வேலை பார்த்துப் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு அந்தத் தேவை குறைவானதன்று. மூன்றாவது, அறிக்கையின் ஒரு படி தமிழில், மக்கள் சொன்ன சொற்களோடு, ஆனால் அவர்களின் பெயரும் அந்தரங்கமும் வெளிப்படாதபடி, எழுதப்பட்டு அத்தெருவில் வாசிக்கப்படட்டும்.

இதனால் கல்லூரிக்கும் அரசு அலுவலகங்களுக்கும் மனத்தாங்கல் வரும் என்பார்கள். வரக்கூடும். மாணவர்களின் பாதுகாப்புப் பற்றிய கவலையும் நியாயமானதே. ஆனால் இருவர் இருவராக, பகல் வேளையில், ஆசிரியர் அறிய ஒரு தெருவுக்குச் செல்வது ஆபத்தென்றால், அதே தெருவில் இரவும் பகலும் வாழ்பவர்களின் நிலையை என்னவென்று சொல்வது?

அறிக்கையை வாசிக்கக் கேட்கும் தெருவாசிகள் 'அது அப்படியில்லை, இப்படி' என்று திருத்துவார்கள். அந்தத் திருத்தங்களுக்கும் மதிப்பெண் பட்டியலில் ஓர் இடம் ஒதுக்குவது கல்லூரிக்குக் கடினமான காரியமன்று.