அஞ்சு பாக்ஸும் அஞ்சு ராகமும்

கிட்டார் கத்துக்க ஆரம்பிக்கிறவங்களுக்கு மூணாவது மாசம் ஒரு கண்டம் இருக்கு மக்களே. அதுக்குள்ள நாலு கார்டு வந்துடும், ரெண்டு சினிமா பாட்டை ஒப்பேத்திடலாம். அப்ப யாராவது ஒரு புள்ளி வச்ச படத்தை அனுப்புவாங்க. பென்டாடோனிக் ஸ்கேல், அஞ்சு பாக்ஸ், மனப்பாடம் பண்ணு, ஃப்ரெட்போர்டு முழுக்க உன் கையில! ஒரு வாரம் மேலயும் கீழயும் ஓட்டிப் பார்த்துட்டு நம்மாளு கிட்டாரை உறையில போட்டு கட்டிலுக்கு அடியில தள்ளிடுவான். ஏற்காட்டு ஈரத்துல தந்தி துருப்பிடிக்க ரொம்ப நாள் ஆகாது :-)

பாக்ஸ் தப்புன்னு நான் சொல்லலை. காதுக்குச் சொல்லாம கண்ணுக்கு மட்டும் சொல்லிக் கொடுக்குறதுதான் தப்பு. பி.காம் நண்பர்களுக்குப் புரியிற மாதிரி சொல்றதுன்னா, ஜர்னல் என்ட்ரியை உருப்போட்டவன் ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகலைன்னா முழிப்பான். எது பற்று, எது வரவு, ஏன்னு தெரிஞ்சவன் தப்பைத் தேடிப் பிடிச்சுடுவான். பாக்ஸும் அப்படித்தான். ஒரு புள்ளி மறந்தா மொத்தமும் போச்சு.

இப்ப கிட்டாரைக் கையில எடுங்க. இடது கை விரல் எதையும் வைக்காம ஆறு தந்தியையும் ஒவ்வொண்ணா மீட்டுங்க. இ, ஏ, டி, ஜி, பி, மறுபடி இ. மொத்தம் அஞ்சே ஸ்வரம். ஜி-யை ஸட்ஜமா வச்சு வரிசைப்படுத்தினா ஜி, ஏ, பி, டி, இ. அதாவது ஸ ரி க ப த. அட, நம்ம மோகனம்! கடையில வாங்கி சுருதி சேர்த்த எந்த கிட்டார்லயும் மோகனம் சும்மாவே உட்கார்ந்திருக்கு. இதை எந்தப் படமும் எனக்குச் சொல்லலை.

அடுத்து, மூணாவது தந்தியில (ஜி) மட்டும் வாசிங்க. திறந்த தந்தி, அப்புறம் 2, 4, 7, 9, 12. வீணைக்காரங்க பெரும்பாலும் ஒரே தந்தியில நீளவாக்குல போற மாதிரி. பாடிக்கிட்டே வாசிக்கணும், குரல் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, ஹாஸ்டல்ல திட்டினா திட்டட்டும்.

இனிமேதான் விஷயம். அதே ஃப்ரெட்டுகள், ஆனா ஸட்ஜத்தை மாத்துங்க. 2-ஆவது ஃப்ரெட்டை ஸ-ன்னு வச்சு, அஞ்சாவது தந்தியைத் திறந்தபடி தட்டிக்கிட்டே வாசிச்சா மத்தியமாவதி. 4-ஐ ஸ-ன்னு வச்சு ரெண்டாவது தந்தியைத் தட்டினா ஹிந்தோளம். 7, நாலாவது தந்தி: சுத்த சாவேரி. 9, ஆறாவது தந்தி: சுத்த தன்யாசி. மேல கை எட்டலைன்னா ஸ-வுக்குக் கீழ இறங்கி வாசிங்க, ராகம் ஓடிடாது. அஞ்சுக்கும் சுருதி போட திறந்த தந்தி ஒண்ணு தயாரா இருக்கு பாருங்க. இதைத்தான் கர்நாடக சங்கீதத்துல கிரக பேதம்னு சொல்றாங்க. ஜி.என்.பி. கச்சேரியில பண்ணிக் காட்டின வித்தை. மனப்பாடம் பண்ணச் சொன்ன அஞ்சு பாக்ஸும் இதே அஞ்சு ஸ்வரம்தான், ஒவ்வொண்ணும் வேற ஸ்வரத்துல ஆரம்பிக்குது, அவ்வளவுதான்.

அப்ப பாக்ஸ் ஏன் ரெண்டாவது தந்தி வந்ததும் ஒரு ஃப்ரெட் நகருது? மத்த தந்திகளுக்கு நடுவுல அஞ்சு அரைஸ்வர இடைவெளி, மூணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல மட்டும் நாலு. சுருதி சேர்க்கும்போது அங்க மட்டும் 5-க்கு பதிலா 4-ஆவது ஃப்ரெட்டைப் பிடிக்கிறோமே, அதே காரணம். இந்த ஒரு வரி தெரிஞ்சா பாதி புள்ளியை உருப்போட வேண்டாம்.

"ஸ்கேல் வேற ராகம் வேற, கமகம் இல்லாம ஹிந்தோளமா?"ன்னு சங்கீதம் தெரிஞ்சவங்க சண்டைக்கு வருவாங்க. நியாயம்தான். ஆனா கமகமும் கிட்டார்ல வராத விஷயம் இல்லை. 1980-கள்லயே சுகுமார் பிரசாத் எலெக்ட்ரிக் கிட்டார்ல கர்நாடக சங்கீதக் கச்சேரி பண்ணினார். சென்னை ஐ.ஐ.டி.யில நேவல் ஆர்க்கிடெக்சர் படிச்ச பிரசன்னா, அப்புறம் பெர்க்லீ போய் ஜாஸும் படிச்சு, ரெண்டையும் வாசிக்கிறார். தந்தியை இழுத்தும் வழுக்கியும் வாசிக்கிறதைக் கேளுங்க. பாக்ஸுக்குள்ளயே நின்னா அந்த வழுக்கல் வராது, தந்தி நீளத்துக்குப் போய்தான் ஆகணும்.

இவ்வளவு ஏன் வாதாடறேன்னா, சேலத்துல இருக்கிறவனுக்குத் தெருவுக்கு ஒரு வாத்தியார் கிடைக்கலாம். மலையில இருக்கிறவன் ஒரு கிளாஸுக்கு 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறணும், கடைசி பஸ்ஸை வேற பார்க்கணும். அவனுக்கு யூட்யூபும் அந்தப் புள்ளிப் படமும்தான் குரு. அந்தப் படத்துல ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்துல ஸ ரி க-ன்னு எழுதிக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆயிடும்? நாங்க மூணு பேர் பேனாவால எழுதி வச்சிருக்கோம். மோகனமும் ஹிந்தோளமும் முடிஞ்சது, சுத்த சாவேரி இன்னும் பாக்கி.