பிறந்த மண்ணில் அந்நியர்

பி.எஸ்ஸி. வேதியியல், இரண்டாம் ஆண்டு

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்துவிட்டு, இங்கே ஆங்கில விரிவுரைகளின் நடுவே முதல் பருவம் முழுவதும் விழித்துக்கொண்டிருந்தவன். அதனால்தானோ என்னவோ, அரசியல் துறை விரிவுரையாளர் ஒருவர் சொல்லக் கேட்ட ஓர் ஆய்வு என் மனத்தைவிட்டு அகலவில்லை.

1991-ல் சோவியத் ஒன்றியம் கலைந்தது. எஸ்தோனியா, லாட்வியா, உக்ரைன், கஜகஸ்தான் ஆகிய நாடுகளில் வாழ்ந்த ரஷ்யமொழி பேசுவோரை அமெரிக்கப் பேராசிரியர் டேவிட் லெய்ட்டின் ஆராய்ந்து, 1998-ல் நூலாக்கினார். அவர்களுள் ரஷ்யர் மட்டுமல்லர், உக்ரைனியரும் பெலாரசியரும் யூதரும் உண்டு. 'ரஷ்யமொழி பேசுவோர்' என்ற புதிய அடையாளம் அவர்களிடையே உருவாவதை அவர் கண்டார்.

பிள்ளைக்கு எந்த மொழி கற்பிப்பது என்பதை ஒவ்வொரு குடும்பமும் அண்டை வீட்டைப் பார்த்தே முடிவு செய்கிறதாம். பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விடுகிறோம், நிறம் மாறுவதில்லை. பிறகு ஒரே சொட்டில் குடுவை முழுவதும் மாறிவிடுகிறது. (உவமை என்னுடையது, பிழையானால் ஆசிரியர்கள் பொறுத்தருள்க.)

லித்துவேனியா தன் மண்ணில் வாழ்ந்தோர் எல்லோருக்கும் குடியுரிமைக் கதவைத் திறந்தது. லாட்வியாவும் எஸ்தோனியாவும் 1940-க்கு முந்தைய குடிமக்களுக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் மட்டுமே அதை உடனே வழங்கின. மற்றவர்கள் மொழித் தேர்வு எழுதவேண்டும். 1989 கணக்கெடுப்பில் லாட்வியர் சொந்த நாட்டிலேயே 52 விழுக்காடுதான். 1949-ல் பல்லாயிரவர் சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்ட நினைவும் ஆறவில்லை. அவர்களுடைய அச்சத்தை நான் ஏளனம் செய்யமாட்டேன். மொழியைக் கற்றுக்கொள் என்பதும் நியாயமே. ஆனால் ரீகா நகரில் பிறந்த குழந்தை என்ன செய்தது? பெற்றோர் கேட்டால் அதற்குக் குடியுரிமை உண்டு என்று 1998-ல் சட்டம் தளர்ந்தது. கேளாமலே கிடைக்க 2020 ஆயிற்று!

விடுதி நண்பன் ஒருவன் வாதாடினான்: "கஜகஸ்தானைவிட, கண்டிப்பான எஸ்தோனியாவிலும் லாட்வியாவிலும்தானே நாட்டுமொழியைக் கற்க அதிகம் முன்வந்தார்கள்? கண்டிப்பு பலித்ததல்லவா?"

முன்வந்தது உண்மை. லெய்ட்டினே அதைச் சொல்கிறார். ஆனால் அவர் எடுத்துக்காட்டும் காரணங்கள் வேலை, தம்மவரிடையே மதிப்பு, அந்நாட்டார் தம்மை ஏற்பார்கள் என்ற நம்பிக்கை. எனக்கு ஆங்கிலம் கொஞ்சம் வந்ததும் வேலை கிடைக்கும் என்ற ஆசையால்தான். அது வரும்வரை வருகைப் பதிவேட்டில் என் பெயரை யாரும் அடித்து வைக்கவில்லை.